டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் கியர்பாக்ஸ் பத்திரமா?

"20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஊர்ந்து போனால் வண்டி சூடாகாது, முள் நடுவில் இருந்தால் கியர்பாக்ஸும் பத்திரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி மே மாத வெயிலில் ஏற்காடு எஸ்டேட் மண் பாதையில் ஆட்டோமேட்டிக் வண்டியை ஏற்றிவிடாதீர்கள்.

அந்த முள் காட்டுவது எஞ்சின் கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை மட்டும்தான். செங்குத்து ஏற்றத்தில் ஊரும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) எஞ்சின் பக்கம் வேகமாகச் சுற்றும், சக்கரத்தின் பக்கம் மெல்ல நகரும், அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலைக் கடைந்து சூடாக்குவதில்தான் போகிறது. வேகம் இல்லாததால் எதிர்காற்றும் கிடையாது, ஃபேன்தான் கதி.

போன கோடையில் காப்பித் தோட்டத்துப் பாதை ஒன்றில் எனக்கு முள் அசையவே இல்லை, ஆனால் கருகிய வாடை. கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டீ டிகாஷன் மாதிரி இருந்தது. செலவைச் சொன்னால் வீட்டில் இன்னும் திட்டுவார்கள்.

லோ ரேஞ்ச் (4x4 வண்டிகளில் மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) சேற்றுக்கு மட்டும் என்று இன்னொருவர் சொன்னதும் சரியில்லை. மண் ஏற்றத்தில் அதைப் போட்டால் கன்வெர்ட்டர் வழுக்குவது, அதாவது அந்த வேக வித்தியாசம், நன்றாகவே குறையும் (காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம்). வாடை வந்தால் சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள், உடனே அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். அப்புறம் மேனுவல் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், பாதி கிளட்சில் ஊர்ந்தால் பிளேட் கருகும்.