ஆங்கிள் காக்கை ஸ்பேனர் போட்டு இறுக்காதீங்க

"சிங்க் அடியில ஆங்கிள் காக் மூடலைன்னா ஸ்பேனர் போட்டு இறுக்குங்க"ன்னு மேலே கமெண்ட்ல ஒரு அண்ணன் சொல்லியிருக்காரு. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. ஆங்கிள் காக்னா குழாய்க்குப் போற தண்ணியை நிறுத்துற சின்ன வால்வு. பல சுத்து சுத்துற பழைய மாடல்ல தண்ணியை அடைக்கிறது உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் வாஷர்தான். முரட்டுத்தனமா இறுக்கினா அது நசுங்கிடும், கைப்பிடியோட சேர்ந்து சுத்துற தண்டே (ஸ்பிண்டில்) முறிஞ்சாலும் முறியும். கால் சுத்து மாடல் 90 டிகிரியிலேயே மூடிடும், அதுக்கு மேல திருப்பவே கூடாது.

நம்ம பெங்களூரு போர்வெல் தண்ணி ரொம்பக் கடினமானது. குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, கைப்பிடி கழுத்துல வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். இறுகிப்போறதுக்கு முக்கியக் காரணம் அதுதான். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை மெதுவா மூடித் திறங்க. ஏற்கெனவே இறுகியிருந்தா மொட்டைமாடி டேங்க் வால்வை மூடிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க.