வரிசை எங்கே இருந்தது?

"நாங்கல்லாம் முறையா விசா வாங்கி, வரிசையில நின்னு வந்தவங்க. அவங்கள மாதிரி வேலி தாண்டி வரல." கலிஃபோர்னியாவில் நாலு தமிழர் கூடும் இடத்தில், அதுவும் தேர்தல் சமயத்தில், இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உழைத்துப் படித்து வந்தவர்கள், அந்தப் பெருமை அவர்களுக்கு இருக்கட்டும். ஆனால் "அவங்க" என்று கை நீட்டுகிறார்களே, அந்த மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. பதிவு நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என் மருமகள் மெக்சிகோ வம்சாவளி. அவளுடைய தாத்தா, அதாவது என் சம்பந்தியின் அப்பா, ஹலிஸ்கோ மாநிலத்து விவசாயி. மானாவாரி நிலம், மக்காச்சோளம், மழை பொய்த்தால் கடன். நான் அவரைப் பெரியவர் என்றுதான் குறிப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் காலமானார். அவர் சொன்னது பாதி, அவர் பிள்ளைகள் சொன்னது பாதி, அப்புறம் நானே தேடிப் படித்தது.

அந்த வீட்டிலிருந்து முதலில் வடக்கே போனவர் பெரியவரின் அண்ணன். இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்க இளைஞர்கள் போருக்குப் போய்விட, வயலில் ஆள் இல்லை. 1942 ஆகஸ்ட் 4 அன்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டன: மெக்சிகோ ஆள் அனுப்பும், அமெரிக்கா கூலி, தங்குமிடம், போக்குவரத்து தரும். மணிக்குக் குறைந்தது 30 சென்ட். இப்படி வந்தவர்களுக்கு பிராசெரோ என்று பெயர். போருக்காக ஆரம்பித்த திட்டம் 1964 முடியும் வரை ஓடியது. மொத்தம் ஏறக்குறைய 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரே ஆள் பல தடவை வந்து போனதும் அதில் அடக்கம். 46 லட்சம் தடவை அமெரிக்க அரசே கூப்பிட்டிருக்கிறது.

அண்ணனுக்கு ரயில்பாதை வேலை. போர்க்காலத்தில் தண்டவாளம் போடவும் செப்பனிடவும் தனியாக ஆள் எடுத்தார்கள். அந்த முதல் சில வருடங்களில் கூலியிலிருந்து பத்து சதவீதம் பிடித்து, "ஊருக்குத் திரும்பியதும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பிய பலருக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. தெரிந்து கேட்டவர்களை வங்கி அலைய விட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2001இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்ட பிறகுதான் விஷயம் பெரிதானது. 2005இல் மெக்சிகோ அரசு ஒரு நிதியை ஒதுக்கி, தலைக்கு 38,000 பெசோ என்று முடிவு செய்தது. அதற்கும் அசல் ஒப்பந்தத் தாள் கேட்டார்கள். மண் வீட்டில், தகரப் பெட்டியில், அறுபது வருடம் தாள் பிழைத்திருக்க வேண்டுமாம்! அண்ணன் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். தாளும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெசோ வரவில்லை.

பெரியவரின் முறை 1956இல் வந்தது. அந்த ஒரு வருடம் மட்டும் நாலு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், திட்டத்தின் உச்சம் அதுதான். பட்டியலில் பெயர் ஏற ஊர் அதிகாரிக்குக் கையூட்டு. அதற்கு வட்டிக்குக் கடன். குவாதலஹாராவிலிருந்து ரயிலில் சொனோரா மாநிலத்து எம்பால்மே. அங்கேதான் ஆள் எடுக்கும் மையம். ஆயிரக்கணக்கான பேர் வெட்டவெளியில் நாள்கணக்காக, வாரக்கணக்காகப் படுத்துக் கிடப்பார்களாம். சொனோராவின் பருத்திப் பண்ணைகளில் முதலில் பஞ்செடுத்துக் கொடுத்தால்தான் பட்டியலுக்கான சீட்டு என்று ஒரு ஏற்பாடு வேறு. வடக்கே கூலி வேலைக்குப் போக, இங்கே முன்கூட்டியே ஒரு கூலி வேலை.

கூப்பிட்டதும் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மென்மையான கை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிசை என்று பேசுகிற நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நம்மிடம் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள், அவர்களிடம் கைக்காய்ப்பு கேட்டார்கள். இரண்டுமே தகுதித் தேர்வுதான்.

மெக்சிகாலி வழியாக எல்லை தாண்டினால் கலிஃபோர்னியா பக்கம் எல் சென்ட்ரோ வரவேற்பு மையம். "வரவேற்பு" என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஆடையைக் கழற்றச் சொல்லி, வரிசையாக நிறுத்தி, முகத்திலும் உடம்பிலும் டிடிடி பூச்சிமருந்துத் தூளை அடித்தார்கள். பேன் வரக்கூடாதாம். அதே 1956இல் லெனார்ட் நடேல் என்ற புகைப்படக்காரர் டெக்சாஸில் உள்ள ஹிடால்கோ மையத்தில் இதைப் படமெடுத்திருக்கிறார், முகமூடி போட்ட அதிகாரி ஒருவர் இளைஞன் முகத்துக்கு நேராகத் தூளைப் பீச்சுவார். பெரியவர் தன் வாழ்க்கையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டே சொல்வார், இதை மட்டும் பேச மாட்டார். பேரப்பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். எல் சென்ட்ரோ இருக்கிற இம்பீரியல் பள்ளத்தாக்கில் அப்போதே இந்தியர்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பஞ்சாபி விவசாயிகள். வேற்றினத் திருமணத்துக்கு எதிரான சட்டங்களால் வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க வழியில்லாமல் பலர் மெக்சிகப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1956 நவம்பரில் அந்தத் தொகுதியிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வானவர் அமிர்தசரஸ் பக்கத்தில் பிறந்த தலீப் சிங் சௌந்த். என் வீட்டுச் சம்பந்தம் ஒன்றும் புதுசில்லை என்று சொந்தக்காரர்களிடம் நான் அடிக்கடி எடுத்துவிடும் செய்தி இது.

பெரியவரை கலிஃபோர்னியாவிலேயே சலீனாஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். லெட்டூஸ் வயல். களை எடுக்கவும் நெருக்கமான நாற்றைக் கலைக்கவும் ஒரு அடி, ஒன்றரை அடிக் கைப்பிடி உள்ள களைக்கொத்து. "எல் கோர்த்தீத்தோ" என்பார்கள். நம் ஊரிலும் களைக்கொத்து குட்டைதான், ஆனால் நம் பெண்கள் குந்தி உட்கார்ந்து, பேசிக்கொண்டே நகர்வார்கள். இங்கே உட்காரக் கூடாது. இடுப்பை மடித்துக் குனிந்தபடி, கண்ணுக்கு எட்டாத நீளமுள்ள பாத்தியில் நடந்துகொண்டே போக வேண்டும், காலையிலிருந்து மாலை வரை. நீளக் கைப்பிடி கொடுத்தால் பயிரில் வெட்டு விழும் என்று பண்ணைக்காரர்கள் காரணம் சொன்னார்கள். பெரியவர் சொன்ன காரணம் வேறு: குட்டைக் கைப்பிடி இருந்தால், யார் நிமிர்ந்து நிற்கிறான் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். 1975இல் கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது. அதற்குள் அவருடைய முதுகெலும்பு போய்விட்டது. கடைசிவரை சற்றுச் சாய்ந்துதான் நடந்தார்.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 1.75 டாலர் வரை கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்று விதி. மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் பிடிப்பு உண்டு. புகார் சொல்லலாம், ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை எழுதியிருந்தது. ஆனால் புகார் சொன்னவன் பெயர் அடுத்த பருவத்தில் பட்டியலில் இருக்காது.

1963 செப்டம்பர் 17. சலீனாஸுக்குத் தெற்கே சுவாலார் என்ற ஊரருகே, செலரி வயலிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த வண்டி, காவல் இல்லாத ரயில் கடவையில் சரக்கு ரயில் மோதி நொறுங்கியது. 32 பேர் இறந்தார்கள். வண்டி என்றால் பேருந்து இல்லை, தட்டையான லாரி மேல் கூண்டு கட்டி, நீளவாக்கில் பெஞ்சு போட்டது. எர்னஸ்டோ கலார்சா என்ற தொழிற்சங்கவாதி இதைத் தோண்டித் துருவி விசாரித்தார். திட்டத்துக்கு முடிவு கட்டியதில் இந்த விபத்துக்கும் பங்கு உண்டு என்பார்கள். பெரியவர் அந்த வண்டியில் இல்லை. அதே மாதிரி வண்டியில்தான் தினமும் போய்வந்தார்.

திட்டம் ஒழிந்தது நல்லதுதான் என்பது என் கருத்து. வயல் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸும் அதைத்தான் கேட்டார்: கேள்வி கேட்க முடியாத ஆள் வயலில் இருக்கும் வரை, கேட்கக்கூடிய ஆளுக்குக் கூலி ஏறாது. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியதும் திட்டம் முடிந்த பிறகுதான். ஆனால் மூடியவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்த லட்சக்கணக்கான ஆட்கள் செய்த வேலை எங்கே போகும்? தக்காளியைப் பொறுத்தவரை இயந்திரம் வந்தது, டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது, சில வருடங்களில் சாஸுக்குப் போகும் தக்காளி முழுவதையும் அதுவே பறித்தது. லெட்டூஸை அப்படி இயந்திரத்தால் அறுக்க முடியவில்லை. ஸ்ட்ராபெரியையும் முடியவில்லை. வேலை அப்படியே இருந்தது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1965க்கு முன் இந்தியர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு வெறும் 100. 1965 சட்டம் அதை மாற்றி, கிழக்கு அரைக்கோளத்தில் நாட்டுக்கு 20,000 வரை என்றது. நம் டாக்டர்களும் எஞ்சினியர்களும் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அதே சட்டம்தான் அதுவரை எண்ணிக்கை வரம்பே இல்லாதிருந்த மேற்கு அரைக்கோளத்துக்கு மொத்தமாக 1,20,000 என்று ஒரு வரம்பு வைத்து, 1968இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1976இல் இன்னொரு திருத்தம், மெக்சிகோவுக்கும் 20,000தான் என்றது. பிராசெரோ ஒப்பந்தத்தில் ஒரே வருடத்தில் நாலு லட்சம் பேரைக் கூப்பிட்ட நாடு! நமக்குத் திறந்த அதே சட்டத்தில் அவர்களுக்கு அடைத்தார்கள்.

பெரியவர் 1967இல் திரும்ப வந்தார். இந்த முறை ஒப்பந்தம் இல்லை, தாள் இல்லை, டிஹுவானா என்ற எல்லை ஊர் வழியாக. அதே பண்ணையின் மேஸ்திரிதான் "வா, வேலை இருக்கு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியது. அதே வயல், அதே களைக்கொத்து. முன்பு அவர் சட்டப்படியான தொழிலாளி, இப்போது குற்றவாளி. பண்ணைக்காரர்? அவருக்கு ஒன்றுமில்லை. தாள் இல்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், ஆனால் வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று 1952 சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். டெக்சாஸ் பண்ணை முதலாளிகளின் தயவு. 1986 வரை இதுதான் நிலைமை.

1986இல் வந்த புதுக் குடியேற்றச் சட்டம்தான் அவருக்கு வழிவிட்டது. முந்தைய ஒரு வருடத்தில் குறைந்தது 90 நாள் வயல் வேலை செய்ததை நிரூபித்தவர்களுக்குச் சட்டப்படி தங்க விண்ணப்பிக்க இடம் கிடைத்தது. கிரீன் கார்டை அவர்கள் "மீக்கா" என்பார்கள். பெரியவர் கைக்கு மீக்கா வந்தபோது, முதன்முதலாக அரசு முத்திரையோடு எல்லை தாண்டி 30 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் மனைவியையும் கடைசி இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவர முடிந்தது. சம்பந்தி அப்பாவோடு சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்தது மீசை முளைத்த பிறகு. அதுவரை அப்பா என்றால் டிசம்பரில் வருகிற விருந்தாளி.

இன்றைக்கும் எச்-2ஏ என்ற பருவகால விசா இருக்கிறது. வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு அனுமதி தருகிறார்கள். கூப்பிட்ட முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். இருபது வருடம் தொடர்ந்து வந்தாலும் அந்த விசா தானாக கிரீன் கார்டுக்குக் கொண்டுபோய் விடாது. பெரியவரின் 1956 ஒப்பந்தத்துக்கும் இதற்கும் டிடிடி தூள் தவிர அடிப்படையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வயலில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் நாலு பேருக்கு அந்த விசாவும் இல்லை. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அவர்களில் பலர் சட்டைப்பையில் "அத்தியாவசியத் தொழிலாளர்" என்று முதலாளி கொடுத்த கடிதத்தோடு வேலைக்குப் போனார்கள். அத்தியாவசியமானவர், ஆனால் பிடிபட்டால் நாடு கடத்தலாம். இந்த முரணைச் சரிசெய்ய, வயலில் தொடர்ந்து உழைத்தவர்களுக்கு கிரீன் கார்டுக்கு வழி செய்யும் மசோதா 2019இலும் 2021இலும் கீழ்ச்சபையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டில் செத்தது.

நம் பிள்ளைகள் கிரீன் கார்டுக்குப் பத்து, பதினைந்து வருடம் என்று காத்துக்கிடக்கிறார்கள். காரணம் நாட்டுக்கு இவ்வளவுதான் என்கிற உச்சவரம்பு. அது அநியாயம் என்று நானும் கத்துகிறேன். எங்கள் ஊர்த் தமிழர்கள் சேர்ந்து அந்த வரம்பை நீக்கச் சொல்லி செனட்டருக்குக் கடிதம் தயார் செய்தபோது, வயல் தொழிலாளர்களுக்காகவும் ஒரு பத்தி சேர்க்கலாமே என்றேன். "அது வேற, இது வேற. ரெண்டையும் கலக்காதீங்க சார்" என்றார்கள். நாட்டு வரம்பு என்கிற அந்த ஏற்பாட்டை 1965இல் நமக்கும் 1976இல் அவர்களுக்கும் போட்டது ஒரே காங்கிரஸ் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பொதுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பத்தியைத் தனிக் கடிதமாக என் பெயரில் அனுப்பியிருக்கிறேன். நகல் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், உங்கள் செனட்டர் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.