பாண் தூள் போட்ட பாஸ்தா

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். கிளிநொச்சியில், ஏ9 வீதியில் இருந்து இறங்குகிற ஒழுங்கையில் உள்ள அந்தச் சின்ன இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் இருந்துகொண்டு, பாஸ்தாக் கோப்பையைக் கமெராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "சீஸுக்குப் பதிலாப் பாண் தூளைப் போட்டு எங்கட சனத்தை ஏமாத்துறாங்கள்" என்கிறார் ஒருவர். கடைசியில் "வன்னிக்கு உதெல்லாம் தேவையோ?" என்று ஒரு கேள்வி. இரண்டு நாளாக எனக்கு மனம் ஆறவில்லை.

பாண் தூள் கதையை முதலில் முடிப்போம். இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில், சீஸ் வாங்கக் காசில்லாத சனம் பழைய பாணைத் தூளாக்கி ஒலிவ் எண்ணெயில் வறுத்துப் பாஸ்தாவுக்கு மேல் தூவியது. பலெர்மோவில் சூடை மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் போட்டுச் செய்கிற பாஸ்தாவுக்கு இன்றைக்கும் அதுதான். ஏமாற்று இல்லை, அந்தச் சாப்பாடே அப்படித்தான். "பாஸ்தா அவியவில்லை" என்றும் அந்த வீடியோக்காரர் சொன்னார். அங்கே அதை 'அல் தெந்தே' என்பார்கள். பல்லில் கடிபட வேண்டும். குழைய அவித்தால்தான் பிழை.

கடைக்காரத் தம்பி பதினான்கு வருடம் பலெர்மோவில் குசினி வேலை செய்தவர். அங்கே எங்கள் சனம் நிறைய. மடு மாதா கோயிலுக்குச் சைவச் சனமும் நேர்த்தி வைத்துப் போவதுபோல, அங்கே பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கும் ஏறுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவர், பேக்கரிப் போறணை கட்டுகிற மேசனைப் பிடித்துச் செங்கல்லால் ஒரு போறணை கட்டி, விறகு போட்டுப் பீட்சா சுடுகிறார். மீன் முல்லைத்தீவில் இருந்து வருகிறது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

போன மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கு அங்கே போனோம். பெடியன் ஓடிவந்து கதிரையை இழுத்துவிட்டான். அம்மா இருக்கவில்லை. யாருக்கோ இழுத்துவிடுகிறான் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். போர் முடிந்த 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கோப்பையோடு சோற்று வரிசையில் நின்ற மனுசி. "உங்களுக்குத்தான் அம்மா" என்று சொன்ன பிறகுதான் இருந்தார். சாப்பிட்டு முடித்து, கோப்பையில் ஒட்டியிருந்த பாண் தூளை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்துச் சாப்பிட்டார். "எண்ணெயில வறுத்திருக்கு, நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வன்னிச் சனத்துக்கும் ஒரு மேசையில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட விருப்பம் இருக்கும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

இங்கே கடனில் தவிக்கிற குடும்பங்கள் இருக்கும்போது பாஸ்தாவா என்று கேட்பீர்கள். சரி, அது உண்மை. அந்தக் காசில் ஒரு வீடு ஒரு நாள் சமைக்கலாம். நாங்களும் வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான் போகிறோம். ஆனால் மண்டபம் எடுத்துச் செய்கிற சாமத்தியச் சடங்கில் இந்தக் கணக்கை ஒருவரும் பார்ப்பதில்லையே. ஒடியல் கூழ் அழிந்துவிடும் என்கிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுகிறோம், வாருங்கள். அந்தக் கூழில் போடுகிற மிளகாயும் இத்தாலிக்காரன் போடுகிற தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. வந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம்தான் ஆகிறது.

உண்மையில் எனக்கு நோகிற இடம் வேறு. வெளிநாட்டில் இருந்து வந்து, போரில் விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தீர்கள், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தகரக் கொட்டிலை எடுத்தீர்கள், கிழிந்த சட்டை போட்ட பிள்ளையை எடுத்தீர்கள். அழுதுகொண்டு நின்றால் எங்களைப் பிடிக்கிறது. நல்ல சட்டை போட்டு, முள்ளுக்கரண்டி பிடித்துச் சிரித்தால் "உதெல்லாம் தேவையோ" என்கிறீர்கள். நீங்கள் இருக்கிற ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீட்சாக் கடைக்குப் போகும்போது உங்களிடம் இதை யாராவது கேட்டார்களா?

நேற்றுப் பின்னேரம் கடைக்குப் போனேன். இரண்டு மேசையில்தான் ஆட்கள். தம்பி போறணைக்குப் பக்கத்தில் நின்றபடி, "அண்ணை, பாண் தூளை நிப்பாட்டவோ?" என்று கேட்டார். நிப்பாட்ட வேண்டாம் என்றேன். சனிக்கிழமை அம்மாவோடு வருகிறேன், ஜன்னலோர மேசையை வைத்திருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.