லிங்க் இருக்கா?

2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு விவாகரத்து மேல்முறையீடு தள்ளுபடியானது. கேட்டவர் கரூரைச் சேர்ந்த கணவர். மனைவி மேல் அவர் அடுக்கிய புகார்களில் இரண்டு, அந்தப் பெண் ஆபாசப் படம் பார்க்கிறார், சுய இன்பம் காண்கிறார் என்பவை. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் ஆர். பூர்ணிமாவும் இதைக் கொடுமை என்று ஏற்கவில்லை. ஒருவர் தனியாகப் பார்ப்பது துணைக்குச் செய்யும் கொடுமை ஆகாது, கூட உட்கார்ந்து பார்க்கச் சொல்லி வற்புறுத்தினால் அது வேறு என்றார்கள். ஆண் செய்தால் ஊர் உலகத்தில் உள்ளதுதான் என்று விடுகிறோம், பெண் செய்தால் மட்டும் ஏன் களங்கம் என்பதும் தீர்ப்பில் இருந்தது.

அந்த வாரம் எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் நடந்த கூத்து இருக்கிறதே! வருடக்கணக்காக பலான வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆட்கள், "குடும்பம் என்னத்துக்கு ஆகும், பண்பாடு எங்கே போகுது" என்று பொங்கினார்கள். ஒருவர் கலிகாலம் என்று எழுதினார். அதற்கு மேலே நாலைந்து செய்தி தள்ளி அவர் அனுப்பிய கிளிப் ஒன்று அப்படியே கிடந்தது. படம் பார்த்தது பொம்பளை என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. படம் எப்போதும் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை.

சரி, அதை விடுங்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பெண்களைப் பண்டமாக்கி இழிவாகக் காட்டுவதால் ஆபாசப் படத்தை ஒழுக்கரீதியில் நியாயப்படுத்த முடியாது, ஆனால் ஒழுக்கம் வேறு, சட்டத்தை மீறுவது வேறு என்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். சட்டக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு, ஒழுக்கக் கேள்வியைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனார்கள். அதை விரிப்பது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை. நாம்தான் பேச வேண்டும். பேசுவதற்குத்தான் யாரும் இல்லை. ஒரு பக்கம் பண்பாட்டுக் காவலர்கள், இன்னொரு பக்கம் "நாலு சுவருக்குள்ளே நான் எதைப் பார்த்தால் உனக்கென்ன" கட்சி. இரண்டு பேரும் பார்ப்பவனைப் பற்றியே பேசுகிறார்கள். அவன் கெட்டுப்போகிறானா, அவனுடைய சுதந்திரம் போகிறதா என்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. படத்தில் இருப்பவர் பேச்சுக்குள் வருவதே இல்லை.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாணமும் காமமும் தப்பு என்று நான் நினைக்கவில்லை. வயது வந்தவர்கள் மனமொப்பிக் கேமரா முன்னால் கூடி, அதைத் தாங்களே வெளியிட்டு, இன்னொரு வயது வந்தவர் அதைப் பார்த்தால் எனக்கு அதில் புகார் இல்லை. இதற்குக் கோயில் சிற்பங்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதும் இல்லை. (இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் பத்தாவது நிமிடத்தில் ஒருவர் கஜுராஹோவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார். ஐயா, கல்லில் இருக்கும் பெண் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியதில்லை.)

ஆனால் நம் ஆட்களின் போனில் ஓடுவது பெரும்பாலும் இந்த வகை இல்லை. யார் எடுத்தது, யார் ஏற்றியது என்று எதுவும் தெரியாத இலவச கிளிப்புகள். "காலேஜ் பொண்ணு லீக்", "ஹிடன் கேமரா", "எம்எம்எஸ்" என்று தலைப்புகள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவளுக்குத் தெரியாமல் எடுத்தது என்பதைத்தான் அங்கே கவர்ச்சியாக விற்கிறார்கள். சம்மதம் இருந்தால் சரக்கின் மதிப்பு குறைந்துவிடும். காம உணர்ச்சி பாவமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். ஒருத்தியின் சம்மதமின்மையை ரசிப்பது என்ன என்று கேட்பதில்லை.

இது இணையம் வந்தபிறகு தொடங்கியதும் அல்ல. காலைக்காட்சிக்குப் போன தலைமுறைக்குப் பிட்டு என்றால் என்ன என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டுச் சுருளைச் சேர்த்து ஓட்டுவார்கள். கதாநாயகியின் முகத்தைக் காட்டிவிட்டு வேறு யாருடைய உடலையோ காட்டுவார்கள். சுவரொட்டியில் இருப்பது நாயகியின் முகம். ஆகவே ஊரில் பெயர் கெடுவது அவருக்கு. அந்த உடல் யாருடையது, அவருக்கு என்ன கொடுத்தார்கள், இது தியேட்டரில் ஓடுவது அவருக்குத் தெரியுமா என்று அரங்கில் இருந்த ஒருவரும் கேட்டதில்லை. அப்புறம் விசிடி வந்தது, மெமரி கார்டில் ஏற்றித் தரும் மொபைல் கடை வந்தது, இப்போது டீப்ஃபேக், அதாவது ஒருவர் முகத்தை இன்னொருவர் உடலில் மென்பொருளால் ஒட்டிச் செய்யும் போலி வீடியோ. 2019இல் டீப்ட்ரேஸ் என்ற நிறுவனம் இணையத்தில் கிடைத்த டீப்ஃபேக் வீடியோக்களை எண்ணியபோது அதில் 96 சதவீதம் ஆபாச வீடியோக்களாக இருந்தன. ஆபரேட்டர் அறையில் கத்தரியும் ஒட்டு நாடாவும் செய்த வேலையைத்தான் இன்று மென்பொருள் செய்கிறது.

"அது திருட்டு வீடியோ. முறையான நிறுவனம் எடுத்தது என்றால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து கேர்ள்ஸ் டூ போர்ன் என்ற தளம் நடந்தது. பார்த்தால் எல்லாம் முறையாக இருக்கும். நிறுவனம், ஒப்பந்தம், கையெழுத்து, சம்பளம், எல்லோரும் வயது வந்தவர்கள். பெண்கள் சிரித்த முகத்தோடு, விருப்பப்பட்டு வந்ததாகக் கேமராவிலேயே சொல்வார்கள். பார்ப்பவனுக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இல்லை. பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தது வேறு கதை. மாடலிங் வாய்ப்பு என்று விளம்பரம் செய்து பெண்களை வரவழைத்தார்கள். வந்தபிறகு விஷயத்தைச் சொல்லி, இது இணையத்தில் வராது, டிவிடியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி தூர தேசத்தில் தனியாருக்குத்தான் விற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நம்பிக்கை வர, "நானும் நடித்தேன், ஒன்றும் வெளியே வரவில்லை" என்று போனில் சொல்வதற்கென்றே காசு கொடுத்துச் சில பெண்களை வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படிக்க விடாமல் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். வீடியோ இணையத்தில் ஏறியது. அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் கல்லூரிக்கும் வேலையிடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது.

22 பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் அவர்களுக்குச் சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. தலைமறைவான உரிமையாளர் எஃப்பிஐயின் முதல் பத்துத் தேடப்படும் குற்றவாளிகள் பட்டியலில் இருந்து, 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025இல் 27 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது மோசடி செய்தவர்களின் கொடூரம்கூட இல்லை. அந்த வீடியோக்களைப் பார்த்தவர்களில் பலர் மனசாட்சி உள்ளவர்களாகவே இருந்திருக்கக்கூடும். "கட்டாயப்படுத்தியது மாதிரி தெரிந்தால் நான் பார்க்க மாட்டேன்" என்ற கொள்கைகூட வைத்திருந்திருப்பார்கள். அந்தக் கொள்கை ஒன்றுக்கும் உதவவில்லை. சிரிக்கும் முகத்தை வைத்துச் சம்மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் சிரிக்க வைப்பதுதான் அந்தத் தொழில்.

இனி இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் போர்ன்ஹப் தளத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. சிறார்களின் வீடியோக்களும் பலாத்கார வீடியோக்களும் அங்கே கிடக்கின்றன என்று அது சொன்னது. சில நாட்களில் விசாவும் மாஸ்டர்கார்டும் விலகின. உடனே அந்தத் தளம், ஏற்றியவர் யார் என்று சரிபார்க்கப்படாத வீடியோக்களையெல்லாம் முடக்கியது. ஏறக்குறைய ஒரு கோடி! தளத்தில் இருந்ததில் பெரும்பகுதி காலி. அத்தனையும் குற்ற வீடியோக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யார் போட்டது என்று அந்த நிறுவனத்துக்கே தெரியாத ஒரு கோடியை உலகமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்கிறேன். பெண்களின் அழுகைக்கு அசையாதவர்கள் கார்டு கம்பெனி போனவுடன் அசைந்தார்கள் என்பதும் உண்டு.

"நான் பார்ப்பதால் புதிதாக என்ன கெட்டுவிடும், ஏற்கெனவே எடுத்ததுதானே" என்பது அடுத்த சமாதானம். சிறார் விஷயத்தில் இந்தச் சமாதானத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதுவும் நம் ஊர் வழக்குதான். போனில் சிறார் வீடியோ வைத்திருந்த ஒரு சென்னை இளைஞர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். தனியாகப் பார்த்தார், பரப்பவில்லை என்பது காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டு, போக்சோ சட்டத்தின் 15வது பிரிவின்படி வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்றது. பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தைக்கு நடந்த கொடுமை தொடர்கிறது என்பதே அதன் அடிப்படை. குழந்தைக்குச் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. ஆகவே அங்கே சட்டம் தெளிவாக நிற்கிறது. வயது வந்த பெண்ணின் திருட்டு வீடியோவில் எடுத்தவனுக்கும் பரப்பியவனுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ, 67ஏ பிரிவுகள் உண்டு. வந்ததைத் தனியாகப் பார்த்தவனுக்கு எதுவும் இல்லை. அவனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவன் செய்வது தப்பு என்று சொல்வதற்குச் சிறை தேவையில்லை.

அதே ஆனந்த் வெங்கடேஷ் முன் 2025 ஜூலையில் இன்னொரு வழக்கு வந்தது. ஒரு பெண் வழக்கறிஞர். கல்லூரிக் காலத்தில் காதலித்தவன் அவருக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ இணையத்தில் பரவியிருந்தது. 48 மணி நேரத்துக்குள் நீக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டார் நீதிபதி. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. விசாரணை என்ற பெயரில் ஆண் போலீஸ்காரர்கள் ஏழு பேர் இருக்கும்போது அந்தப் பெண்ணே தன் வீடியோவைப் பார்க்க வைக்கப்பட்டார் என்பதும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சட்டம் படித்த, வாதாடத் தெரிந்த ஒருவருக்கே இந்தக் கதி. பொள்ளாச்சி விவகாரம் 2019இல் வெடித்தபோது எத்தனை பெண்கள் புகார் கொடுக்க வரவில்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் ஊரெல்லாம் கொதித்தது. கொதிப்புக்கு நடுவிலேயே "ஃபுல் வீடியோ லிங்க் இருக்கா?" என்று கேட்டவர்களையும் நாம் பார்த்தோம். 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. லிங்க் கேட்டவர்கள் அந்தத் தீர்ப்பையும் லைக் போட்டுப் பகிர்ந்திருப்பார்கள்.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? வேண்டாம். 2015இல் தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை முடக்கச் சொல்லி, கூச்சல் கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னதால் மறுபடி 827 தளங்கள். யாரும் பார்ப்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. முடக்கிய தளத்தைச் சுற்றுவழியில் திறக்க உதவும் விபிஎன் என்ற சொல்லை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம். டெலிகிராமில் ஓடும் திருட்டு வீடியோ அந்தப் பட்டியலில் இருந்திருக்கவும் முடியாது.

தடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்ணியவாதிகள் ஆண்ட்ரியா ட்வொர்கினும் கேத்தரின் மெக்கின்னனும் 1980களில் அமெரிக்காவில் ஆபாசம் பெண்களின் குடிமை உரிமைகளைப் பறிக்கிறது என்று வாதாடினார்கள். பாதிக்கப்பட்ட பெண் தயாரித்தவர் மீது நஷ்டஈடு வழக்குப் போட வழி செய்யும் சட்டத்தை எழுதினார்கள். இண்டியானாபொலிஸ் நகரம் அதை நிறைவேற்றியது, நீதிமன்றம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. 1992இல் கனடா உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இவர்கள் சொன்ன தீங்கு என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அந்த அளவுகோலில் முதலில் மாட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டொராண்டோவில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கான ஒரு புத்தகக் கடை, பெண்களே பெண்களுக்காக நடத்திய ஒரு பத்திரிகையை விற்றதற்காக. ஆபாசம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தால் அவர் யாரைத் தேடிப் போவார் என்று நமக்கும் தெரியும். கரூர்க் கணவரின் மனுவை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

ட்வொர்கின் கேட்ட நஷ்டஈடு வழி மட்டும் எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. ஆபாசம் என்ற பொத்தாம்பொதுவான சொல்லை எடுத்துவிட்டு, சம்மதம் இல்லாமல் எடுத்தது, ஏற்றியது, அதில் விளம்பரக் காசு பார்த்தது என்று குறுக்கிக்கொண்டால் சான் டியேகோ பெண்கள் ஜெயித்த மாதிரி இங்கேயும் ஜெயிக்க முடியும்.

காசு கொடுத்து, அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்களின் படத்தை மட்டும் பார்த்தால் சரியா என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். இலவசத் தளத்தைவிட அது எவ்வளவோ மேல் தம்பி. முழு உத்தரவாதம் இல்லை, கையெழுத்தும் அடையாள அட்டையும் இருந்த இடத்தில்தான் மேலே சொன்ன மோசடி நடந்தது. ஆனால் அங்கே படத்தை ஏற்றியவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதையே ஒருவன் திருடி டெலிகிராமில் ஓசியில் போட்டு, நீங்கள் அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பொத்தான் செத்துவிடும். பார்க்காமல் இருக்க உங்களால் முடிந்தால் இன்னும் நல்லது. பார்த்தே தீருவேன் என்றால் குறைந்தபட்சம் காசு கொடுங்கள்.