நாலாவது மாடியில் ஒரு சக்கர நாற்காலி

எங்கள் ஆயாவுக்கு மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம், நல்ல மனசுக்காரர்கள்தான். தெருவிலேயே பேனர் கட்டி, ஆயாவுக்குத் துண்டு போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்து நாலடி தள்ளிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்காக நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆயாவை நாலாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் சேரோடு தூக்கி இறக்கினோம். திரும்ப எப்படி ஏறுவார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ரங்கூன் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தாம்வே பக்கம் எங்கள் கட்டடம் மாதிரி ஆறு மாடி, ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது. படி செங்குத்து, எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் பகலிலும் இருட்டு. அதனால்தான் வீட்டுக்கு வீடு பால்கனியிலிருந்து கயிறு தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். பேப்பர், பில், காலையில் மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலம் எல்லாம் அதில்தான் மேலே போகும். "என்னையும் அந்தக் கிளிப்புல மாட்டி இறக்கிவிடுடா தம்பி, முருகனைப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்பார் ஆயா.

நாற்காலியில் இப்போது துணி காய்கிறது.

எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் போன வருஷம் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மலேசியாவில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியது, உண்டியலில் ஒரு பங்கு. பெரிய தொகை இல்லை. வயசானவர்களுக்குச் செலவழிப்பது என்று முடிவானதும் கமிட்டி ஆண்கள் (நானும் சேர்த்துத்தான்) உடனே மருத்துவ முகாம் என்றோம். பேனரும் மனசுக்குள் அச்சாகிவிட்டது. ஒரு அக்காதான், "கிழவிங்ககிட்டயே கேளுங்களேன்" என்றார். கேட்டோம். ஒரு ஆயாகூட முகாம் என்று சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி. நடுவில் உட்கார ஒரு பலகை. வாசலில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடிக்கு ஒரு ஸ்லாப். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக சைக்கா (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷா) வாடகை. அவ்வளவுதான்.

இரும்புக் குழாய் வாங்கி வெல்டிங் வைத்துக் கைப்பிடி போட்டோம். மழைக்காலத்தில் கை வழுக்குகிறது என்று மூணாவது மாடி பெரியம்மா சொன்னார். பழைய சைக்கா டியூபை நாடா நாடாவாகக் கிழித்துக் குழாய் முழுக்கச் சுற்றச் சொன்னதும் அவர்தான். எந்த இன்ஜினியருக்கும் அது தோன்றியிருக்காது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மடக்குப் பலகை, திருட்டுப் போகாமலிருக்கச் சங்கிலி. முதல் வெள்ளிக்கிழமை ஆயா இறங்க இருபது நிமிஷம் ஆனது. பலகையில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார். கீழே வந்ததும், "அறுபத்தெட்டுப் படிடா" என்றார். இத்தனை வருஷம் குடியிருக்கிற நான் எண்ணியதே இல்லை.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 2008 நர்கீஸ் புயலுக்குப் பிறகு, முதியோருக்காக வேலை செய்யும் ஹெல்ப்ஏஜ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு இந்த நாட்டுக் கிராமங்களில் மூத்தோர் சுயஉதவிக் குழுக்கள் அமைத்தது. சிறு தொகையை ஊர்க் குழுவின் கையில் கொடுப்பார்கள். அது ஆடு, கோழி, சில்லறைக் கடை என்று கடனாகச் சுற்றும், வட்டி பொது நிதியில் சேரும். அதிலிருந்து படுக்கையில் கிடப்பவருக்கு உதவி. அங்கே கிழவர்களே கணக்கு எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அரசாங்கப் பக்கம் பார்த்தால், 2017-இல் 90 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10,000 கியாட் என்று ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம் 85 ஆக்கினார்கள். 70 வயதில் முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிட்டவர் அதுவரை என்ன செய்வார்?

எனக்குக் கோபம் வருவது ரசீதில்தான். கைப்பிடிக்கு இன்னொரு இடத்தில் பணம் கேட்டுப் போனோம். கைப்பிடிக்குச் சரி என்றார்கள், சைக்கா வாடகைக்கு முடியாது, அது "தொடர் செலவு", ரசீதும் இல்லை என்றார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெடல் மிதிக்கிற மனுஷனிடம் ரசீதுப் புத்தகம் கேட்கவா? படம் எடுக்க முடிகிற சாமானுக்குப் பணம் உண்டு, அந்தச் சாமானை ஓட்டுவதற்குக் கிடையாது. டியூப் நைந்துபோனால் மாற்றக்கூடக் கிடையாது. அப்படிக் கொடுக்கிற பணம் பெரிதாக இருந்தாலும் பாதியில் நிற்கும், எங்கள் நாற்காலி மாதிரி.

திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் பர்மியப் பிள்ளைகள் தெருவில் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்துத் தலை அலசி, நகம் வெட்டிவிடுவார்கள். அதில் போடும் கின்பூன் நம் சீயக்காய்தான். ஆயாவுக்கும் அலசிவிட்டார்கள், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் இது. ஏப்ரலுக்கு அப்புறம் மீதிப் பதினோரு மாதம் அந்தப் பெரியவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. தூக்கி இறக்கப் பிள்ளைகளும் இல்லை. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை அமலான பிறகு ஏன் இத்தனை பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனார்கள் என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. 1964-இல் கடைகள் நாட்டுடைமை ஆனபோது ஆயாவின் அண்ணன் தம்பிகள் மெட்ராஸுக்குக் கப்பலேறினார்கள். இப்போது பேரப்பிள்ளைகள். இரண்டு தடவையும் கையசைத்தது ஆயாதான்.

கைப்பிடியால் எல்லாம் தீரவில்லை. ஆறாவது மாடித் தாத்தாவால் இன்னும் இறங்க முடியவில்லை, அவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அறைதான் வழி, அது எங்கள் உண்டியலுக்கு எட்டாத சமாச்சாரம். எதிர்க் கட்டடத்தில் இரண்டு ஆயாக்கள் கைப்பிடி கேட்டிருக்கிறார்கள். குழாய் வந்துவிட்டது. வெல்டிங் வைக்கக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் வாடகையும் டீசலும்தான் இடிக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு எழுதிவைத்திருக்கிறவர்கள் அதில் ஒரு துளியை இதற்கு மாற்றலாமா என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். இணையத் தடையைத் தாண்ட வைத்திருக்கிற விபிஎன் ஓடுகிற நேரத்தில் பதில் போடுகிறேன்.