சோமர்வில் ஓடிப்போனவர்தான், அதனாலென்ன?

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பாடு முடிந்து, கதை எப்படியோ இரண்டாம் உலகப் போர்ப் பக்கம் போய்விட்டது. "1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட நேரம் உங்கட இங்கிலீஷ் அட்மிரல் எங்கே நின்றவர்? மாலைதீவுப் பக்கம் போய் ஒளிச்சிருந்தவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னது ஜேம்ஸ் சோமர்வில்லை. 1882இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கடற்படைக்குப் போனவர், வானொலித் தொடர்பில் கெட்டிக்காரர், முதல் உலகப் போரில் கலிப்போலியில் விருது வாங்கியவர். 1938இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவராகத் திருகோணமலைக்கு வந்தார், அடுத்த வருடமே காசநோய் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 57 வயது, ஓய்வுபெற்றோர் பட்டியலில் பெயர். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். போர் வந்ததும் மனிதர் வீட்டில் இருக்கவில்லை. ரேடார் வேலைக்குப் போனார், டன்கர்க்கிலிருந்து படைகளை மீட்ட நாட்களில் டோவரில் அந்த மீட்பை நடத்திய அட்மிரல் ராம்சேக்குத் தோள் கொடுத்தார், 1940 ஜூன் கடைசியில் ஜிப்ரால்டரில் 'எச் படை' என்ற புதிய கப்பல் தொகுதி அவர் கையில் வந்தது.

பொறுப்பேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வந்த கட்டளைதான் அவருடைய வாழ்க்கையிலேயே மோசமானது. பிரான்ஸ் ஜேர்மனியிடம் விழுந்துவிட்டது, அதன் பெரிய போர்க்கப்பல்கள் அல்ஜீரியாவில் ஒரான் பக்கத்தில் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் நிற்கின்றன. போய் அவர்களிடம் சொல்: எங்களோடு வா, இல்லையென்றால் ஆட்களைக் குறைத்துக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்குப் போ, இல்லையென்றால் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போ, அதுவும் இல்லையென்றால் ஆறு மணி நேரத்தில் கப்பல்களை நீயே மூழ்கடி. எதற்கும் சம்மதிக்காவிட்டால் சுடு. இரண்டு வாரம் முன்புவரை தோளோடு தோள் நின்ற ஆட்களை!

சோமர்வில்லுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய அதிகாரிகளுக்கும் பிடிக்கவில்லை, வன்முறையைத் தவிர்க்கலாம் என்று லண்டனுக்கு எழுதிப் பார்த்தார், அசையவில்லை. 1940 ஜூலை 3. பிரெஞ்சு மொழி தெரிந்த கப்டன் ஹொலண்டைத் தூது அனுப்பினார், பிரெஞ்சு அட்மிரல் ஜென்சூல் ஒரு கப்டனிடம் பேசுவதா என்று கௌரவம் பார்த்து முதலில் சந்திக்க மறுத்தார். நேரம் ஓடியது. கெடு முடிந்தும் சோமர்வில் சுடவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார், சீக்கிரம் முடி என்று லண்டன் நெருக்கியது. மாலை ஆறு மணி ஆகச் சற்று முன் பீரங்கிகள் முழங்கின, பத்து நிமிடம் அளவில்தான். பிரெத்தான் என்ற கப்பல் வெடித்தது, அதில் மட்டும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர். மொத்தம் 1,297 பிரெஞ்சுக்காரர்கள்.

அடுத்த நாள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எம்பிமார் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். சோமர்வில் என்ன செய்தார் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார். இந்தக் காலத்தின் மிகப் பெரிய அரசியல் மடத்தனம் இது, உலகமே நம் மேல் திரும்பும் என்றார். 1942 நவம்பரில் ஜேர்மன்காரர்கள் துலோன் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஜேர்மனிக்குக் கொடுக்க மாட்டோம் என்று முன்பு கொடுத்த வாக்கு அது. சரி, அது பின்னால் தெரிந்த சங்கதி, அன்றைக்குச் சர்ச்சிலுக்கு அது தெரியாது என்று வாதிடலாம், நானும் ஓரளவு ஒத்துக்கொள்வேன். ஆனால் சோமர்வில்லின் மனம் அன்றைக்கே சரியாக இருந்தது.

சுட்டதற்குக் கைதட்டு. சுடாமல் விட்டால்? அதே வருடம் நவம்பர் 27, சார்டினியாவுக்குத் தெற்கே இத்தாலியக் கப்பல்களோடு சண்டை. அவர் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, பாதுகாக்க வேண்டிய சரக்குக் கப்பல்கள் பின்னால் தனியாக நிற்கின்றன என்று திரும்பிவிட்டார். ஜிப்ரால்டர் வந்து சேர்ந்தால் விசாரணைக் குழு காத்திருக்கிறது, ஏன் துரத்தவில்லை என்று. கப்பல் கரை சேருமுன்பே விசாரணை! குழு அவர் மேல் குற்றமில்லை என்றுதான் சொன்னது. ஆனாலும் நாற்காலியில் இருப்பவனுக்குக் கடலில் இருப்பவனின் வீரம் எப்போதும் போதாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 மேயில் பிஸ்மார்க் என்ற ஜேர்மன் போர்க்கப்பலின் சுக்கானை உடைத்த டோர்பிடோ அவருடைய விமானந்தாங்கியான ஆர்க் ரோயலிலிருந்து பறந்த விமானத்துடையது. அதற்குச் சற்று முன் அதே விமானக்காரர்கள் தவறுதலாகச் சொந்தக் கப்பலான ஷெஃபீல்டைத் தாக்கப் பார்த்தார்கள், அது வேறு கூத்து. அட்மிரலாக இருந்தும் அந்த விமானங்களில் தானே ஏறிப் பறந்து பார்ப்பார், பையன்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. வாய் மட்டும் படுமோசம், பச்சை பச்சையாகத்தான் பகிடி. அவருக்கு இரண்டாவது தடவை 'நைட்' என்ற 'சேர்' பட்டம் கிடைத்தபோது நண்பர் அட்மிரல் கன்னிங்ஹாம் அனுப்பிய செய்தி: "இந்த வயதில் இரண்டு நைட்டா!" தமிழில் எழுதினாலும் இரண்டு அர்த்தமும் வருகிறது பாருங்கள்.

இனி நண்பரின் கேள்வி. 1942 மார்ச் கடைசியில் கிழக்குக் கடற்படையைக் கையேற்க இலங்கைக்கு வந்தார். எதிரே ஜப்பானிய அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிகள், பேர்ல் ஹார்பரை அடித்த அதே கை. இவரிடம் பெரிய விமானந்தாங்கி இரண்டு, ஹெர்மிஸ் என்ற சின்னது ஒன்று, போர்க்கப்பல்கள் ஐந்து. அவற்றில் நான்கு, தண்ணீருக்கே அடிக்கடி துறைமுகம் தேடும் கிழங்கள். ஏப்ரல் 1 அளவில் தாக்குதல் வரும் என்ற தகவலை நம்பி இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் முடிகிறது என்று அட்டு தீவுக்குப் போனார், மாலைதீவின் தெற்குக் கோடி, ஜப்பான்காரருக்குத் தெரியாத இரகசியத் தளம். அங்கே போய்ச் சேர்ந்த அன்று மாலைதான், ஏப்ரல் 4, பெர்ச்சால் என்ற கனடிய விமானி நகுமோவின் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு.

இங்கே அவரைக் காப்பாற்ற நான் பொய் சொல்லப் போவதில்லை. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூசர்களையும் ஹெர்மிஸையும் பிரித்து அனுப்பியது அவர்தான். குரூசர்கள் இரண்டும் அன்று மதியமே போயின, 424 பேர். 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸை மட்டக்களப்புக்கு நேரே கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள், 307 பேர். விமானந்தாங்கி என்று பெயர், அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. இந்த உயிர்கள் அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

ஆனால் ஒளிந்திருந்தார் என்பது பச்சைப் பொய். செய்தி வந்ததும் வேகமான கப்பல்களோடு கிழக்கே புறப்பட்டார். இரவில் ரேடார் பூட்டிய விமானங்களால் தாக்கலாம் என்பது திட்டம், பகலில் மோதினால் செத்தோம் என்று தெரியும். 5ஆம் திகதி மாலை இரண்டு படைகளும் மிக நெருங்கி வந்தும் ஒன்றையொன்று காணவில்லை. என்னைக் கேட்டால் அவருக்கு வாய்த்த மிகப் பெரிய அதிர்ஷ்டம் அதுதான், விடிந்த பிறகு கண்டிருந்தால் 1941 டிசம்பரில் மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களுக்கு நடந்ததே நடந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் தைரியமாகப் பின்வாங்கினார், கிழங்களைக் கென்யாவின் கிலிண்டினிக்கு அனுப்பினார். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, மெட்ராஸில் சனம் மூட்டை கட்டியது, எல்லோரும் இவரைத் திட்டினார்கள். ஆனால் கடற்படை மிச்சம் இருந்தது. இரண்டே மாதத்தில் இலங்கைக்கு வந்த ஐந்தில் மூன்று விமானந்தாங்கிகளை அமெரிக்கர்கள் பசிபிக்கில் மிட்வே சண்டையில் மூழ்கடித்தார்கள்.

1944 ஏப்ரலில் அவர் மறுபடி திருகோணமலையிலிருந்து கிளம்பினார், இந்தத் தடவை சுமாத்திராவின் சபாங்கை அடிக்க. அமெரிக்காவின் சரடோகா என்ற விமானந்தாங்கி கூட வந்தது. இன்னொரு பெரிய கப்பலும் வந்தது, ரிஷெலியூ, பிரெஞ்சுக் கொடியோடு. மெர்ஸ்-எல்-கெபீர் நடந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கப்பலின் மாலுமிகள் இவருடைய கட்டளையில் நம்முடைய துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்றார்கள்.

நண்பரே, அடுத்த தடவை சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது இதையெல்லாம் வாசித்துவிட்டுக் கூப்பிடுங்கள். இறால் கறி அருமை, அதில் எனக்கு விவாதம் இல்லை.