மூணு போத்தல் ஆம்பர் ஏலும் அம்மாவோட மூக்கும்

மாமா மகன் கப்பல்ல குக்கா இருக்கான். போன மாசம் லீவுல வந்தப்போ சியாட்டில் துறைமுகத்துல வாங்குனதுன்னு ஆம்பர் ஏல்ங்கிற பீர் மூணு போத்தல் கொண்டு வந்தான், சாரத்துல சுத்தி சூட்கேஸ் நடுவுல வச்சு, ஒண்ணுகூட உடையல. 355 மில்லி போத்தல், 5.4 சதவீதம்னு போட்டிருந்துச்சு. எனக்கு பதினோரு வருஷமா தேயிலை பெக்டரில வேலை, காலைல போனதும் முந்தின நாள் ஓடுன தேயிலைய ஊத்தி வச்சு ருசி பாக்குறது தான் முதல் வேலை. அதனால இத சும்மா குடிச்சு தீக்க மனசு வரல, மூணையும் மூணு விதமா குடிச்சு பாப்போம்னு சொன்னேன், அவனும் சரின்னான்.

முதல் போத்தல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்துனோம். ஒண்ணுமே தெரியல. குளிரும் காஸும் தான், கடைசில லேசா ஒரு கசப்பு. இதே மாதிரி ஒரு அனுபவம் எனக்கு ஏற்கனவே இருக்கு, நுவரெலியால ஒரு ஹோட்டல்ல கிராஃப்ட் ஆம்பர்னு சொல்லி நல்ல காசு வாங்கிட்டு, ஃப்ரீசர்ல வச்சு வெள்ளையா பனி பூத்த மக்ல ஊத்திக் குடுத்தாங்க, நாக்கு மரத்துப் போச்சு. வெளிய பனி மூட்டம், ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கோம், அதுல ஐஸ் மக் எதுக்குங்க? கடைல சாதாரணமா கிடைக்கிற லாகர் பீர அப்படி குடிக்கிறவங்க குடிக்கட்டும், ஏல அப்படி குடுக்குறது நல்ல கொழுந்துல போட்ட தேத்தண்ணிய ஆற வச்சு ஐஸ் போட்டு குடுத்துட்டு இப்ப ருசி சொல்லுன்னு கேக்குற மாதிரி.

ஏலுங்கிறது வேற சாமான். அதோட ஈஸ்ட் 18, 20 டிகிரி சூட்டுல வேலை செய்யும், லாகர் ஈஸ்டுக்கு 8ல இருந்து 13 வரைக்கும் போதும். அந்த சூட்டுல வேலை செய்யிறதால தான் ஏல்ல பழ வாசம் மாதிரி ஒண்ணு வருது, அத குளிர்ல அமுக்கி வச்சா எப்படி தெரியும். சாமுவேல் பேக்கர்ங்கிற வெள்ளைக்காரர் 1840கள் கடைசில நுவரெலியால குடியேறி அங்கயே பீர் காச்சுனாரு, 1881ல அங்க சிலோன் ப்ரூவரி வந்துச்சு, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல நம்ம மலைக்குளிரு தான் அவங்களுக்கு கை குடுத்திருக்கும்னு நான் நம்புறேன். எங்க வீட்டு குசினில ராத்திரி 15 டிகிரி இருக்கும், நான் தேர்மோமீட்டர் வச்சு பாத்தேன். ஆம்பர் ஏல் குடிக்க 10, 12 டிகிரி நல்லா இருக்கும், அதாவது ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து எங்க மேசைல கொஞ்ச நேரம் வச்சாலே போதும்.

ரெண்டாவது போத்தல அப்படி தான் அரை மணி நேரம் வச்சோம். நான் வீட்டுல வச்சிருக்க வெள்ளை பீங்கான் டேஸ்டிங் கோப்பைல கொஞ்சம் ஊத்துனேன், மத்தது கிளாஸ்ல. மச்சான் "டேய், பீர போய் தேயிலை கோப்பைல ஊத்துறியே"ன்னான். ஆனா நுரை அடங்குனதுக்கப்புறம் அந்த வெள்ளைக்கு மேல நிறத்த பாத்துட்டு அவனே பேச்ச நிறுத்திட்டான். கண்டிப் பக்கம் நடுத்தர உசரத்துல வளர்ற மீடியம் க்ரோன் தேயிலைல ஒரு செம்பு நிறம் வரும் பாருங்க, அதவிட ஒரு படி கருப்பு, விளிம்புல ஆரஞ்சு, நல்ல தெளிவு. கிளாஸ்ல நுரை கிரீம் நிறத்துல ஒரு விரல் உசரத்துக்கு நின்னுச்சு, குடிக்க குடிக்க கிளாஸ் சுவத்துல வளையம் வளையமா ஒட்டிக்கிட்டே இறங்குச்சு.

அப்ப அம்மா குசினிக்கு வந்தாங்க. அம்மா முப்பத்திரெண்டு வருஷம் கொழுந்து பறிச்சவங்க, சாராய வாடைய கண்டாலே ஆகாது, எங்க தாத்தாவால வீடு பட்ட பாடு அப்படி, அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. என்னடா இதுன்னு கிளாஸ வாங்கி மூக்குகிட்ட வச்சாங்க, வாயில வைக்கல. "கித்துள் பாணி காச்சுன சட்டி அடி மாதிரி மணக்குது, பாண் போறணை வாசமும் இருக்கு"ன்னு சொல்லிட்டு கிளாஸ வச்சுட்டு போயிட்டாங்க.

நான் அப்படியே உக்காந்துட்டேன். ஏன்னா ஆம்பர் ஏலோட உசிரே அது தான். பார்லிய ஊற வச்சு முளைக்க விட்டு, ஈரத்தோடயே சூடேத்துனா மணிக்குள்ள இருக்க மாவு சீனியாயிரும், அப்புறம் வறுக்குறப்போ அந்த சீனி உள்ளயே பாகாகி கண்ணாடி மாதிரி இறுகிரும், கிரிஸ்டல் மோல்ட்னு சொல்றது அத தான். அதுல இருக்க இனிப்புல ஒரு பங்க ஈஸ்ட்டால தின்ன முடியாது, அது பீர்லயே தங்கிரும். பாணி வாசம் அதுல இருந்து, பாண் வாசம் மத்த மோல்ட்ல, அதாவது பாகாக்காம முளைக்க வச்சு காய வச்ச பார்லில இருந்து. ஒரு பீர் புத்தகமும் பாக்காம அம்மா ரெண்டையும் பிரிச்சு சொல்லிட்டாங்க. இந்த மாதிரி மூக்கு நம்ம லயங்கள்ல எத்தனை வீட்டுல இருக்கு தெரியுமா, ஆனா டேஸ்டிங் மேசைகிட்ட கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பளைய நிக்க வச்சு "இது எப்படி இருக்கு"ன்னு கேட்டத இந்த பதினோரு வருஷத்துல நான் பாத்ததே இல்ல. அவங்க வீட்டுல குடிக்கிறது டஸ்ட், சலிச்சு கடைசில மிஞ்சுற தூள். இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

சரி, ருசிக்கு வரேன். தேயிலைல நாங்க பிரிஸ்க்கா இருக்கான்னு பாப்போம், வாய்ல பட்டதும் ஒரு துடிப்பு, அது இல்லாட்டி நிறம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சப்புன்னு தான் இருக்கும். ஆம்பர் ஏல்ல அந்த வேலைய ஹொப்ஸ் செய்யணும், பீருக்கு கசப்பும் வாசமும் குடுக்குற ஒரு கொடியோட பூ அது. பாணி இனிப்பு வந்து நாக்குல உக்காரும், அத எந்த இடத்துல கசப்பு வந்து வெட்டுதுங்கிறது தான் கேள்வி. சீக்கிரமா வெட்டுனா கஷாயம், வெட்டாமலே விட்டா ரெண்டாவது கிளாஸ் திகட்டிரும். இந்த ஸ்டைல் அமெரிக்காவுல மேற்குக் கரைப் பக்கம் வளந்தது, அதனால 1972ல வெளிவந்த காஸ்கேட் மாதிரி ஹொப்ஸ் போடுவாங்க, தோடம்பழத் தோல், பைனஸ் மரம் மாதிரி வாசம் வரும். ஐபியூங்கிற கசப்பு கணக்குல 25ல இருந்து 40 வரைக்கும் இருக்கணும்னு பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி விதில இருக்கு. இந்த போத்தல்ல இனிப்பு நல்ல அகலமா வந்து சரியான இடத்துல நின்னுச்சு. முழுங்குனதுக்கப்புறம் வறுத்த பாண் ஓரம் மாதிரி ஒரு சுவை. இத துப்பி பாக்குறதுல அர்த்தமே இல்லைங்க, தேயிலைய துப்பலாம், பீர்ல கசப்போட முடிவு தொண்டைல தான் தெரியுது.

ஆனா குறை ரெண்டு இருக்கு. தோடம்பழ வாசம் ரொம்ப மங்கல். கழுத்துல இருந்த திகதிய பாத்தா போத்தல்ல அடைச்சு நாலு மாசம், அதுல பாதி நாள் கப்பல் சூட்டுல கிடந்திருக்கு, ஹொப்ஸ் வாசம் தான் முதல்ல பறக்கும், அதனால காச்சுனவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். நல்லவேளை நனைஞ்ச கார்ட்போர்ட் வாடை வரல, அது வந்தா பழசாகி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது குறை அவங்களோடது தான். கடைசில ஈறுல ஒரு துவர்ப்பு, கசப்புன்னு நினைச்சு ஏமாந்துராதீங்க, தேத்தண்ணிய கூட நேரம் ஊற விட்டா பல்லுல ஒட்டுமே அந்த துவர்ப்பு. மோல்ட்ட தண்ணி விட்டு அலசுறப்போ தண்ணி அளவுக்கு மேல சூடா இருந்தா பார்லி உமில இருந்து டனின்ங்கிற துவர்ப்புச் சாமான் இறங்கும். எல்லாருக்கும் தெரியாது, ஆனா டெய்லி துவர்ப்புக்குள்ளயே வாழ்ற நாக்குக்கு தெரிஞ்சிரும்.

மூணாவது போத்தல ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டு போகல, அந்த 15 டிகிரிலயே திறந்தோம். பாணி வாசம் இன்னும் விரிஞ்சுச்சு, மச்சானுக்கு அது தான் புடிச்சுச்சு, எனக்கு துவர்ப்பு இன்னும் வெளிய வந்த மாதிரி பட்டுச்சு. ரெண்டாவது தான் சரின்னு நான் இன்னும் சொல்றேன், அவன் ஒத்துக்கல.

பிஜேசிபி முறைல 50க்கு போட்டேன். வாசத்துக்கு 12ல 7, தோற்றத்துக்கு 3ல 3, ருசிக்கு 20ல 15, வாய்ல இருக்க பதத்துக்கு 5ல 3, மொத்தமா எப்படின்னு 10ல 8. கூட்டுனா 36, அவங்க கணக்குல வெரி குட். அந்த துவர்ப்பு இல்லாட்டி 40 கிட்ட போயிருக்கும்.

மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது அடைச்சு ஒரு மாசத்துக்குள்ள உள்ளதா பாத்து வாங்கிட்டு வாடான்னு சொல்லி அனுப்பிருக்கேன். கோப்பை ரெண்டு எடுத்து வைப்பேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மா மணந்து பாக்க.